சமூகநீதிப் பாடங்கள்: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எதை எடுக்கலாம், எதை ஒதுக்கலாம்

சமூகநீதிப் பாடம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பிள்ளையை மறந்துவிடுகிறார்கள். எந்த அநீதியைப் பற்றிப் பாடம் பேசுகிறதோ, அதை வீட்டிலும் தெருவிலும் பார்த்துவிட்டு வந்து அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அது. பாடம் 'அவர்கள்' என்று எழுதும். அது யார் என்று பக்கத்துப் பெஞ்சுக்குத் தெரியும். அந்த நொடியில் அந்தப் பிள்ளை தலை நிமிர்கிறதா, குனிகிறதா என்பதுதான் எங்கள் முதல் அளவுகோல். அச்சு, படம், செயலி எல்லாம் அதற்குப் பிறகு.

இங்கே மதிப்பிடுபவை மூன்று வகை. ஒன்றிய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2006 முதல் 2008 வரை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கொண்டுவந்த 'சமூக, அரசியல் வாழ்க்கை' வரிசை முதலாவது. தமிழ்நாட்டு ஆறாம் வகுப்பு முதல் பருவக் குடிமையியலில் வரும் 'சமத்துவம் பெறுதல்' இரண்டாவது. ஆசிரியர்களுக்குள் கைமாறும் செயல்பாட்டுத் தாள்கள் மூன்றாவது. இவற்றில் பல அமெரிக்க வகுப்பறைக்காக எழுதப்பட்டு, பெயர்களை மட்டும் மாற்றி நம்மிடம் வந்தவை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள் வைத்தே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம், பள்ளிப் பெயரிலுள்ள சாதி என்று பலவற்றைத் தொட்ட அந்த அறிக்கை, பாடத்திட்டத்தையும் மறுபடி பார்க்கச் சொன்னது. ஆகவே, எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்பது ஊருக்கு வெளியே நடக்கும் விவாதமில்லை. நம் வகுப்பறை வாசலில் நிற்கும் கேள்வி.

என்.சி.இ.ஆர்.டி. வரிசையின் பலம், கதையிலிருந்து கருத்துக்குப் போவது. ஏழாம் வகுப்பு முதல் பாடத்தில் காந்தா என்ற வீட்டுவேலைப் பெண் ஓட்டுப்போட வரிசையில் நிற்கிறார். அவர் வேலை செய்யும் வீட்டுக்காரர்களும் அதே வரிசையில். எல்லாருக்கும் ஒரே ஓட்டு. பிறகு, காய்ச்சலில் கிடக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனையில் இன்னொரு வரிசையில் நிற்கிறார். அந்த வரிசையில் வீட்டுக்காரர்கள் இல்லை. அரசியல் சமத்துவத்துக்கும் வாழ்க்கைச் சமத்துவத்துக்கும் உள்ள தூரத்தைப் பதினொரு வயதுப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நேரான வழி எங்களுக்குத் தெரியவில்லை. கரும்பலகையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ஓட்டு வரிசை, மறுபக்கம் ஆஸ்பத்திரி வரிசை என்று எழுதி, யார் நிற்கிறார்கள், எவ்வளவு நேரம், நிற்காதவர்கள் எங்கே போனார்கள் என்ற மூன்று கேள்வியைக் கேட்டால் இருபது நிமிடத்தில் பாடத்தின் பாதி முடிந்துவிடும்.

அதே பாடத்தில் தலித் எழுத்தாளர் ஓம்பிரகாஷ் வால்மீகியின் தன்வரலாற்றிலிருந்து ஒரு பகுதி வருகிறது. தலைமை ஆசிரியர் அவரை மட்டும் வகுப்புக்கு வெளியே நிறுத்திப் பள்ளியையும் மைதானத்தையும் கூட்டச் சொல்கிறார். தற்செயலாக அந்த வழியே வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு, தலைமை ஆசிரியரிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்கிறார்: இவன் இங்கேதான் படிப்பான், இவனுக்குப் பின்னாலும் ஆட்கள் வருவார்கள் என்று. இந்தப் பகுதி எங்கள் அளவுகோலில் முழு மதிப்பெண் வாங்குகிறது. செய்தவர் யார் என்பது தெளிவு. பட்டவர் யார் என்பது தெளிவு. பட்டவர் வீட்டிலிருந்தே பதிலும் வருகிறது. வகுப்பிலுள்ள எந்தத் துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளையும் இதைக் கேட்டுவிட்டு அப்பாவை நினைத்துக் கூனிக் குறுக வேண்டியதில்லை.

ஆனால் நடத்தும் விதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. வரிசையாக எழுப்பி ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கவைக்கும் வழக்கம் இந்தப் பகுதிக்கு ஆகாது. 'கூட்டு' என்று அதட்டும் வரி யார் வாயில் விழும், கூட்டிய பையனின் வரி யாருக்குப் போய்ச்சேரும் என்பது ஆசிரியர் கையில் இல்லை. இதை ஆசிரியரே வாசிக்க வேண்டும். அன்சாரி தம்பதியின் கதையும் அப்படித்தான். வாடகை வீடு தேடும் அவர்களிடம், பெயரைக் குமார் என்று மாற்றிக்கொள்ளலாமே என்கிறார் வீட்டுத் தரகர். இதை நாடகமாகப் போடும் ஆசை எல்லாருக்கும் வரும். போடுவதென்றால் முஸ்லிம் பிள்ளைக்கு அன்சாரி வேடம் கொடுக்கக் கூடாது. நாடகமே இல்லாமல், தரகர் கேட்டது சரியா, வீட்டுக்காரர் என்ன செய்திருக்கலாம் என்று எழுதச் சொல்வது இன்னும் நல்லது.

ஆறாம் வகுப்பில் அம்பேத்கரின் சிறுவயது நினைவு ஒன்று. 1901இல், ஒன்பது வயதில், கோரேகாவில் இருந்த அப்பாவைப் பார்க்கப் பயணம். ரயில் நிலையத்தில் அழைத்துப்போக ஆள் வரவில்லை. நல்ல உடுப்பைப் பார்த்து அன்பாகப் பேசிய நிலைய அதிகாரி, தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மகர் சாதிப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் பின்வாங்குகிறார். காசு தருகிறோம் என்றாலும் வண்டிக்காரர்கள் ஏற்றிக்கொள்ளவில்லை. காசு இருந்தும் ஏன் மறுத்தார்கள் என்று புத்தகம் கேட்கிறது. அருமையான கேள்வி அது. வறுமைதான் பிரச்சினை, சாதி இல்லை என்று வீட்டில் கேட்டுவிட்டு வரும் பிள்ளையை அந்த ஒரு கேள்வி நிறுத்தி யோசிக்கவைக்கும்.

அடுத்து வரும் கேள்வியோ அபாயமானது: உனக்கு இப்படி நடந்திருக்கிறதா, பார்த்திருக்கிறாயா, எப்படி உணர்ந்தாய்? எழுதியவர்களின் நோக்கம் நல்லதே. வகுப்பில் வாய்விட்டுக் கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். பட்ட பிள்ளை வாய்திறக்காது; வகுப்பு அதைப் 'பிரச்சினையே இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். அல்லது ஒரு பிள்ளை துணிந்து சொல்லிவிடும். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். மாற்று எளிது. எல்லாரிடமும் ஒரே அளவுத் துண்டுக் காகிதம், பெயர் எழுத வேண்டாம், வெற்றுக் காகிதமாகவும் மடித்துப் போடலாம், ஆசிரியர் மட்டுமே படிப்பார், வகுப்பில் வாசிக்க மாட்டார். இந்த ஐந்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறிய வகுப்பில் கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் காகிதங்களை மேசையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. படித்த பிறகு எதுவும் செய்ய முடியாத நிலையில் இருப்பவர் இந்தக் கேள்வியைத் தொடாமலே இருக்கலாம்.

எட்டாம் வகுப்பில் ரத்னம் கதை. ஊர்ச் சடங்கில் பூசாரிகளின் காலைக் கழுவி அந்தத் தண்ணீரில் குளிக்க வேண்டும் என்ற வழக்கத்தை மறுக்கும் தலித் இளைஞன், ஊர்விலக்கம், குடிசைக்குத் தீ, கடைசியில் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. கதை சட்டத்தில் போய் முடிவது இதன் பெரிய பலம்: உரிமை என்பது எழுதிவைத்த வாசகம், அதைப் பயன்படுத்த ஒரு ஆள் எழுந்திருக்க வேண்டும் என்று காட்டுகிறது. இதற்கு அடுத்தடுத்து இரண்டு பீரியடு வேண்டும். கடைசிப் பீரியடில் தீ வைக்கும் இடத்தோடு மணி அடித்து, பிள்ளைகள் அப்படியே வீட்டுக்குப் போனால், பயம் மட்டும்தான் மிஞ்சும்.

குறைகளும் உண்டு. இந்த நூல்கள் தமிழில் இல்லை. தமிழ்வழி ஆசிரியர் கதையைத் தானே தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும். நிகழ்வுகள் பெரும்பாலும் வடக்கே நடக்கின்றன. மதிய உணவுத் திட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், தலித் பெண்கள் சமைக்கிறார்கள், அதனால் சாதி மனப்பான்மை குறைகிறது என்கிறது ஏழாம் வகுப்புப் பாடம். அது பாதி உண்மை. 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் தலித் சமையலர் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் எதிர்த்து, அவர் இடமாற்றப்பட்டு, பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்ட செய்தியையும் பக்கத்தில் வைத்தால்தான் பாடம் முழுமையாகும். அதே பாடத்தில், பேருந்தில் வெள்ளைக்காரருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸும் அமெரிக்கக் குடிமை உரிமைப் போராட்டமும் வருகின்றன. தூரத்து அநீதியைக் கண்டிப்பது எல்லாருக்கும் சுலபம். வகுப்பு உற்சாகமாகக் கண்டித்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். 1955 டிசம்பர் 1 மான்ட்கோமரி பேருந்தை நடத்தினால், அதே பீரியடில் 1924 வைக்கம் தெருவையும் நடத்துங்கள்.

2024இல் ஆறாம் வகுப்புக்கு என்.சி.இ.ஆர்.டி. கொண்டுவந்த புதிய புத்தகத்தில் பன்மை பற்றிய பாடம் உணவு, சேலை, பண்டிகை, காவியங்கள் என்று போகிறது. அந்த ரயில் நிலையம் அதில் இல்லை. சி.பி.எஸ்.இ. ஆசிரியர்கள் பழைய பாடத்தைத் துணைப்பாடமாக வைத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை.

தமிழ்நாட்டு 'சமத்துவம் பெறுதல்' பாடத்துக்கு வருவோம். கடைக்கோடி அரசுப் பள்ளிக்கும் இலவசமாகப் போய்ச்சேரும் புத்தகம். அதனால்தான் இதைக் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாரபட்சம், பாகுபாடு என்று சொற்களுக்கு விளக்கம் கொடுத்துத் தொடங்குகிறது. பாலினம், சாதி ஆகிய இரண்டையும் பெயர் சொல்லியே பேசுகிறது. அம்பேத்கரையும், தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவையும் கொண்டுவருகிறது. ஆறாம் வகுப்பிலேயே சாதி என்ற சொல்லைத் தயங்காமல் அச்சிட்டிருப்பது பாராட்டத்தக்கது.

சிக்கல் இரண்டு இடத்தில். விளக்கம் முன்னால், வாழ்க்கை பின்னால் என்ற வரிசை மனப்பாடத்துக்கே வழிவிடும். தேர்வில் சொல்விளக்கத்தைச் சரியாக எழுதிய பையன் அன்று மாலையே பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவான். இதைச் சரிசெய்யப் பாடத்தைத் தலைகீழாக நடத்தினால் போதும். முதல் பீரியடில் ஒரு கதை, விளக்கச் சொற்கள் இரண்டாம் பீரியடில். அடுத்தது, சாதனையாளர் குறிப்புகள். அப்துல் கலாம், பாராலிம்பிக் வீரர் மாரியப்பன் போன்றவர்களின் வாழ்க்கை பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும், சந்தேகமில்லை. ஆனால் பாகுபாட்டைப் பற்றிய பாடம் தனிமனித உழைப்பில் போய் முடிந்தால், உழைத்தவன் மேலே வந்துவிட்டான், வராதவன் உழைக்கவில்லை என்ற முடிவுக்குப் பிள்ளை தானாகவே வந்துவிடும். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு கேள்வியைச் சேருங்கள்: இவருக்குத் தடையாக இருந்தது எது, அதை நீக்க வேண்டியது யாருடைய வேலை? மாற்றுத்திறனாளி ஒருவரின் மன உறுதியைப் பேசிவிட்டு, நம் பள்ளிக் கழிப்பறைக்குச் சாய்தளம் இருக்கிறதா என்று போய்ப் பார்க்காமல் அந்தப் பாடம் முடியாது.

அமெரிக்காவின் 'லேர்னிங் ஃபார் ஜஸ்டிஸ்' அமைப்பின் சமூகநீதித் தரநிலைகள் அடையாளம், பன்மை, நீதி, செயல் என்று நான்கு களங்களாகப் பிரிந்து, களத்துக்கு ஐந்தாக இருபது வருகின்றன. அவற்றை வைத்துப் பார்த்தாலும் நமது பாடம் முதல் இரண்டில் நிறைவாகவும், நீதியில் பாதியாகவும், செயலில் மெலிந்தும் இருக்கிறது. இந்த நான்கு களங்களையும் பாட மதிப்பீட்டுக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து வரும் செயல்பாடுகளை அப்படியே எடுக்கக் கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எல்லாரும் ஒரே கோட்டில் நில்லுங்கள், வீட்டில் தனி அறை இருந்தால் ஒரு அடி முன்னால், அப்பா அம்மா படிக்காதவர்கள் என்றால் ஒரு அடி பின்னால் என்று போகும் விளையாட்டு பல பயிற்சிகளில் சொல்லித்தரப்படுகிறது. பத்துக் கூற்று முடிந்ததும் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கச் சொல்வார்கள். நம் ஊர்ப் பள்ளியில் இது செய்வது ஒன்றுதான்: பிள்ளைகளைச் சாதிவாரியாக மைதானத்தில் அடுக்கிக் காட்டுவது. முன்னால் நிற்பவனுக்குப் பாடம், பின்னால் நிற்பவனுக்கு அவமானம். இதை எந்த வடிவத்திலும் செய்யாதீர்கள்.

கண் நிறத்தை வைத்து வகுப்பைப் பிரிக்கும் பயிற்சியும் அப்படியே. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, அயோவா மாநிலத்தின் ரைஸ்வில் ஊரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்பில் நடத்தியது அது. அந்த வகுப்பில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். இனவெறியை ஒருநாளும் அனுபவிக்காதவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று காட்டவே அதைச் செய்தார். நம் வகுப்பில் அனுபவித்த பிள்ளை உள்ளேயே இருக்கிறது. அதற்கு இதில் கற்க ஒன்றுமில்லை, மறுபடி காயம்தான். கண் நிறத்துக்குப் பதில் சட்டையில் ரிப்பன் குத்தலாம் என்று எழுதும் தாள்களும் உண்டு. கைக்கயிற்றின் நிறத்தால் பிரிந்து அடித்துக்கொள்ளும் பள்ளிகளில் வண்ண ரிப்பன் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

இதே நோக்கத்தை ஊறில்லாமல் அடைய அட்டைப் பாத்திரங்கள் போதும். நாற்பது பேர் வகுப்பென்றால் ஐந்து பேராக எட்டுக் குழு. எல்லாக் குழுவுக்கும் அதே ஐந்து அட்டைகள்: தோப்பு வைத்திருப்பவர் மகள், துப்புரவுப் பணியாளர் மகன், சக்கர நாற்காலியில் வரும் பையன், நகரத்தில் வாடகை வீடு தேடும் முஸ்லிம் குடும்பத்துப் பெண், ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்தவரின் மகள். அட்டைக்கு நான்கு வரி, அதற்கு மேல் வேண்டாம். சாதிப் பெயர் எழுதக் கூடாது. வகுப்பில் இருக்கும் எந்தப் பிள்ளையின் பெயரும், எந்தப் பிள்ளையின் வீட்டு நிலைமையை அப்படியே ஒத்த விவரமும் வரக் கூடாது. அட்டையை அடிக்கும் முன் வருகைப் பதிவேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். குழுவுக்கு ஒரு தாளில் பத்துக் கட்டம், பாத்திரத்துக்கு ஒரு புளியங்கொட்டை. 'பெயரைச் சொன்னதும் வீடு இல்லை என்று சொல்ல மாட்டார்கள்', 'பள்ளிக் கழிப்பறையைத் துணையில்லாமல் பயன்படுத்த முடியும்', 'டீக்கடையில் மற்றவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார முடியும்' என்பதுபோல் எட்டுக் கூற்று. முடியும் என்றால் கொட்டை ஒரு கட்டம் முன்னே நகரும்.

நாற்பத்தைந்து நிமிடத்தில் ஐந்து நிமிடம் விளக்கம், பதினைந்து நிமிடம் அட்டையும் கட்டமும், மீதி முழுக்கப் பேச்சு. பேச்சுக்கு நேரம் மிஞ்சாமல் போவதே அதிகம் நடக்கும் தவறு. எட்டுக் கூற்று முடியாவிட்டால் ஐந்தில் நிறுத்துங்கள். குழுக்குக் குழு கொட்டைகள் வேறு வேறு கட்டத்தில் நிற்கும். அந்த வேறுபாட்டில்தான் நல்ல பேச்சு பிறக்கும். இன்னொரு தவறு, யார் ரொம்பப் பாவம் என்ற போட்டியாக மாறுவது. அது தொடங்கியதும் கேள்வியை மாற்றுங்கள்: இந்தக் கொட்டையை ஒரு கட்டம் முன்னே நகர்த்த யாரால் முடியும்? ஊராட்சித் தலைவர், தலைமை ஆசிரியர், வீட்டுக்காரர், கடைக்காரர், உடன் படிக்கும் நாம் என்று பட்டியல் வரும்போது பரிதாபம் விலகும்.

தகவல் பிழைகளை ஒரு பென்சிலோடு உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். வைக்கத்தைக் கோயில் நுழைவுப் போராட்டம் என்று எழுதியிருந்தால் அந்தத் தாளை நம்பாதீர்கள். 1924 முதல் 1925 வரை நடந்தது கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக. திருவிதாங்கூரில் கோயில் நுழைவு அறிவிப்பு வந்தது 1936இல். மாற்றுத்திறனாளிகளுக்கு 1995 சட்டமும் ஏழு வகையும் என்றிருந்தால் பழசு. 2016 சட்டத்தில் இருபத்தொரு வகை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993 சட்டத்தை மட்டும் சொன்னால் 2013 சட்டம் விடுபட்டிருக்கிறது. 1989 சட்டத்தை எழுதி 2015 திருத்தத்தை விட்டவையும் ஏராளம். இட ஒதுக்கீடு 1950க்குப் பிறகு வந்தது என்பது இன்னொன்று. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை 1921ஆம் ஆண்டுடையது.

அதே பென்சிலால் வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். 'தீண்டாமை நிலவியது', 'ஒதுக்கப்பட்டனர்', 'மறுக்கப்பட்டது' என்று செய்தவர் இல்லாத வாக்கியம் பாதிக்கு மேல் இருந்தால், அந்தப் பாடம் அநீதியை மழை வெயில்போலத் தானாக வந்ததாகச் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் முன்பக்கத்தில் பல தலைமுறையாக இருந்த 'தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்' என்ற வாசகம் தேவையானது. ஆனால் குற்றம் என்றால் குற்றவாளி யார், தண்டனை என்ன என்ற அடுத்த வரியை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புக்கு அதைச் சொல்லலாம். அரசியலமைப்பு அதைக் குற்றம் என்கிறது; தண்டனையை 1955 குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சொல்கின்றன. எல்லா வாக்கியமும் இறந்தகாலத்தில் இருந்தாலும் அதே குறைதான்.

கியூ.ஆர். கோடு காணொளிகள் துணைக்கு நல்லவை. முதல்நாளே இறக்கிப் பார்த்துவிடுங்கள். செப்டம்பர் 17 சமூகநீதி நாள், ஏப்ரல் 14 சமத்துவ நாள் உறுதிமொழிகளைப் பாடமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை பாடத்துக்கு வாசல். எந்தப் பாடத்தை எடுத்தாலும், உதவித்தொகை வாங்குகிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று அதே வகுப்பில் அறிவிப்பு வந்தால் அத்தனையும் அழிந்துபோகும். அந்தத் தகவலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பதைத் தலைமை ஆசிரியரிடம் பாடத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

நாங்கள் பார்த்த மூன்று வகையிலும் விடுபட்டிருக்கும் பக்கம் ஒன்றுண்டு: பாடம் நடக்கும்போதே ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைச் சாதி சொல்லித் திட்டிவிட்டால் ஆசிரியர் என்ன செய்வது? அதை நீங்களே எழுதிப் பாடக்குறிப்பின் முன்பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பேச்சை உடனே நிறுத்துங்கள். அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லாமல், இங்கே இதற்கு இடமில்லை என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள். வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்கவைக்காதீர்கள். திட்டு வாங்கிய பிள்ளை எல்லார் பார்வையிலும் மறுபடி நிற்க நேரும். அந்தப் பிள்ளையிடம் அன்றே தனியாகப் பேசி, என்ன நடக்க வேண்டும் என்று அதனிடமே கேளுங்கள். திட்டிய பிள்ளையிடம் வேறு நேரத்தில், வேறு இடத்தில். தேதி, நேரம், நடந்தது, எடுத்த நடவடிக்கை நான்கையும் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவிக்கான 1098 ஆகிய இரண்டு எண்களும் அந்தப் பக்கத்தின் அடியிலும் வகுப்புச் சுவரிலும் இருக்கட்டும்.